தவிட்டுக்கு வாங்குன பேரு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. எந்த ஊருங்கிறியா? கடலுக்கு அந்தாண்ட, தென்னாப்பிரிக்காவுல, டர்பன்னு ஒரு ஊரு. பொண்ணு பேரு லோகினி. அவ பூட்டன் நம்ம ஊர்லேர்ந்து கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவரு. அந்த நாட்டுல பூட்டன் பேரைப் புள்ள, பேரன், பேத்தி எல்லாரும் வாலு மாதிரி ஒட்டிக்கணுமாம். பூட்டன் பேரு தவுடன். அதனால இவ லோகினி தவுடன். எங்க, ம் கொட்டு. கொட்டுனாத்தான் கதை நகரும்.

அப்புறம், அங்க தமிழ் சொல்லிக்குடுக்க இங்கேர்ந்து ஒரு வாத்தியாரு போனாரு. வாயை வச்சுகிட்டு சும்மா இருந்தாரா? "தவுடுன்னா மாடு திங்கிறதாச்சே"ன்னுட்டாரு. அவ்ளோதான். அன்னைலேர்ந்து லோகினியைக் கண்டா "ம்ம்மா..." கல்யாண வீட்டுல ம்ம்மா, கடைத்தெருவுல ம்ம்மா.

அழுதுகிட்டே அப்பாகிட்ட போனா. "இந்தப் பேரே வேணாம்ப்பா. மாத்திடப் போறேன்."

"மாத்திக்க. அதுக்கு முன்னாடி ஊருக்குப் போயி, எதுக்கு இப்படி வச்சாங்கன்னு கேட்டுட்டு வா. பெத்தவ சும்மா வைப்பாளா?"

உடனே ப்ளேன் ஏறி, பஸ் ஏறி, ஆட்டோ புடிச்சு, தடதடன்னு நம்ம ஊருக்கு வந்துட்டா.

மொதல்ல ரைஸ் மில்லுக்குப் போனா. உள்ள கடகடகடன்னு சத்தம். "தவுடன் குடும்பம் யாருங்க?"ன்னு கத்துனா. மில்லுக்காரரு தலையைச் சொறிஞ்சாரு. "தவுடன்னு யாருமில்ல தாயி. தவுடுதான் இருக்கு. அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்துட்டு வெறுங்கையோடயா போவே?"ன்னு ஒரு மூட்டையைத் தூக்கி ஆட்டோவுல தொம்முன்னு போட்டுட்டாரு. வேணாங்கத் தெரியல அவளுக்கு. ம்?

அப்புறம் கோயிலுக்குப் போனா. பூசாரி கண்ணை மூடி டிங் டிங்னு மணியாட்டி, "நீ ராஜா வம்சம்! யானை கட்டித் தீனி போட்ட குடும்பம்!"ன்னாரு. லோகினி பூரிச்சுப் போயிட்டா. "போன வாரம் மலேசியாவுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. அவரும் அதே ராஜா பேரன்தான்"னு சேத்துச் சொன்னாரு பாரு, புஸ்ஸுன்னு ஆயிடுச்சு.

சரி, திரும்பிடலாம்னு ஆட்டோவுல ஏறுனா. அப்போ தவுட்டு வாசனைக்கு ஒரு செவலைப் பசு பின்னாடியே வருது! ஆட்டோ வேகமாப் போனா அதுவும் டக்கு டக்கு டக்குன்னு ஓடியாருது. ஒரு வீட்டு வாசல்ல வழிமறிச்சு, மூட்டையில மூஞ்சை வச்சிடுச்சு. அந்த வீட்டுலேர்ந்து ஒரு பொம்பள ஓடியாந்தா. நல்ல லட்சணமானவ, ஊர்லயே கெட்டிக்காரி. ஏன்டா சிரிக்கிற? நாந்தான், அதுக்கென்ன?

"யாரும்மா நீ?"

"லோகினி தவுடன்."

அந்தப் பொம்பள மாட்டை விட்டுட்டு அவ கையைப் புடிச்சுகிட்டா. "எந்தத் தவுடன்? எங்க தவுடனா?"

உக்கார வச்சு விஷயத்தைச் சொன்னா. அந்தக் காலத்துல அடுத்த வீட்டுப் பெரியாத்தா ஒருத்திக்கு மூணு புள்ள பொறந்து தங்கல. நாலாவது பொறந்ததும் செவுத்துக்கு மேல எக்கி, இந்த வீட்டுப் பெரியாத்தா கையில குடுத்துட்டா. இவ ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிகிட்டா. எமன் வந்து பாத்தான். "தவிட்டுக்கு வாங்குன புள்ளையா? இதைப் போயி எவன் தூக்குவான்?"னு போயே போயிட்டான். அவருதான் தவுடன்.

லோகினிக்குப் பொலபொலன்னு கண்ணீர். ஊரே சிரிச்ச பேரு, புள்ள பொழைக்கணும்னு ஒருத்தி வச்ச பேரு.

அதுக்குள்ள செவுத்துக்கு மேல அடுத்த வீட்டுக் காத்தாயி தலை. "பெத்தது நாங்க! பொண்ணு எங்க வீட்டுக்குத்தான் வரணும்!"

"வாங்குனது நாங்க! அவரு கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க தவுட்டைத் திருப்பிக் குடுத்து மீட்டிருக்கணும். மீட்டீங்களா? அதுக்குள்ள அவரு கப்பலேறிட்டாரு. இன்னைக்கும் எங்க புள்ளதான்!"

ஆளுக்கொரு கையைப் புடிச்சு இழுக்குறாங்க. அப்போ காத்தாயி மூட்டையைப் பாத்துட்டா. "அதான் தவுடு இருக்கே! இதைக் குடுத்து மீட்டுக்க தாயி. அந்தப் பேரும் உன்னை விட்டுப் போயிடும்."

பேரை மாத்தணும்னுதானே கடல் தாண்டி வந்தா? லோகினி மூட்டையைப் பாத்தா. இந்த வீட்டைப் பாத்தா, அந்த வீட்டைப் பாத்தா. அப்புறம் கயித்தை அவுத்து, மொத்தத் தவுட்டையும் செவலைக்கு முன்னாடி கொட்டிட்டா! மொச்சு மொச்சுன்னு தின்னுட்டு, அது "ம்ம்மா..."ன்னுச்சு. லோகினியும் கூடவே "ம்ம்மா..."ன்னு சிரிச்சா.

காலையில காத்தாயி வீட்டுல சாப்பிட்டா, ராத்திரி நம்ம வீட்டுல. நம்ம வீட்டுலதான் ரெண்டு தோசை கூடத் தின்னா.

என்ன முறைக்கிற? ஆமா, உன்னையும் தவிட்டுக்குத்தான் வாங்குனேன். உன்னை எவனும் தூக்கிட்டுப் போக முடியாது.

செவலை தின்னு முடிச்சிடுச்சு, கதையும் தீந்துடுச்சு. அது அசை போடட்டும், நீ கண்ணை மூடு.