மிதந்த முட்டை

திருமேனிக்கு நாற்பத்தாறு வயது. தேர்வு எழுதி, பட்டியலில் பெயர் வந்து, வேலை கைக்குக் கிடைப்பதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. உப்பளத்தை ஒட்டிய அந்த ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியை நசீமாவுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் திருமேனி அவரைத்தான் குருவாக வைத்துக்கொண்டார். காரணம் ஒன்றுதான். நசீமாவின் வகுப்பில் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினார்கள். திருமேனியின் வகுப்பில் திருமேனி மட்டுமே பேசினார்.

வியாழக்கிழமை மதியம். மறுநாள் கல்வி அலுவலர் வருகிறார். படக்கதை ஒன்றை வாசித்து, கதையில் நடப்பதைப் பிள்ளைகளே செய்து பார்க்கும் பாடத்தைத் திருமேனியின் மூன்றாம் வகுப்பில் பார்க்கப் போகிறார்.

“உக்காருங்க சார்.”

“இருக்கட்டும் டீச்சர்.” வாசலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். “கனிஷ்கா திங்கக்கிழமையிலேர்ந்து வாயத் தொறக்கல. பேரைக் கூப்பிட்டாக்கூடக் கையத்தான் தூக்குது. நாளைக்கு அலுவலர் வர்றாரு, அதுகூடப் போகட்டும். அந்தப் புள்ள மொகத்தைப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. எப்படி டீச்சர் பேச வைக்கிறது?”

“திங்கக்கிழமை என்ன நடந்துச்சு?”

அவர் சொன்னார். கதையில் ஐந்து பொருள்கள் குளத்தில் குதிக்கின்றன. இலையும் தேங்காயும் மிதக்கும். கல்லும் சாவியும் முட்டையும் அடியில் போய் மீன்களோடு உட்கார்ந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் அதையே தொட்டியில் செய்தார்கள். அன்று மோட்டார் ஓடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த உப்புப் பாத்தியிலிருந்து இரண்டு வாளி மொண்டு வந்தார்கள். முட்டை கனிஷ்கா வீட்டுக் கோழி இட்டது. மற்ற நான்கும் புத்தகம் சொன்னபடி கேட்டன. முட்டை மட்டும் மிதந்தது. திருமேனி விரலால் அமுக்கினார். மறுபடி மேலே வந்தது.

“‘எங்க பாத்தியில முட்டை முழுகாது சார்’னு சொல்லுச்சு. நான், ‘இது கூமுட்டை, அதான் மெதக்குது’ன்னுட்டேன். கெட்ட முட்டை மெதக்கும்தானே டீச்சர்?”

“மெதக்கும்.”

“புள்ளைங்க சிரிச்சிடுச்சுங்க. அன்னையிலேர்ந்து அதுக்குக் கூமுட்டைன்னே பேரு.”

நசீமா எழுந்து பின்புறம் போனார். தொட்டி அப்படியே கிடந்தது, விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து மூன்று பச்சை முட்டைகளை வாங்கிவந்து ஒன்றை உள்ளே விட்டார். மிதந்தது.

“இதுவும் கெட்டதா சார்?”

“இருக்கலாம் டீச்சர். ஒண்ணு ரெண்டு அப்படி வந்துடும்.”

இரண்டாவதும் மிதந்தது. மூன்றாவதும் மிதந்தது. நசீமா மூன்றையும் எடுத்துக் குடிதண்ணீர் வாளியில் போட்டார். மூன்றும் நேரே அடிக்குப் போய்விட்டன.

திருமேனி பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். தண்ணீர் என்றால் எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று வளர்ந்தவர்.

“உப்பு,” என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அலுவலர் நினைவு வந்ததும் வெட்கம் போன இடம் தெரியவில்லை. “நல்லவேளை டீச்சர். நாளைக்குக் குடிதண்ணிய ஊத்திடுறேன். புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே முழுகிடும்.”

நசீமா வாசலுக்குப் போனார். வெளியே தட்டு கழுவிக்கொண்டிருந்த கனிஷ்காவைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை உன் முட்டை ஏன் மெதந்துச்சு?”

கனிஷ்கா டீச்சரைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்தாள்.

“அது கூமுட்டை டீச்சர்.”

நான்கு நாளாகத் திருமேனி காத்துக்கிடந்த குரல்தான். இதற்கு அது வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இல்லம்மா. அது நல்ல முட்டை. சார்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் எதையாவது சொல்வார்கள், பிறகு வேறொன்று சொல்வார்கள்.

நசீமா படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, குளம் இருந்த பக்கத்தை விரித்து, கிரேயான் பெட்டியோடு இருவருக்கும் நடுவில் வைத்தார். திருமேனி ஒரு கிரேயானை எடுத்துச் சிறுமியிடம் நீட்டினார்.

“நீ பாத்தத வரை.”

“புஸ்தகத்துலயா சார்?”

“புஸ்தகத்துலதான்.”

கனிஷ்கா தட்டைக் கீழே வைத்தாள். நீர்மட்டத்தில், பாதி உடம்பு வெளியே தெரியும்படி, ஒரு முட்டை வரைந்தாள். பக்கத்தில், ‘எங்க பாத்தித் தண்ணி’ என்று எழுதினாள். எழுதிவிட்டு வெளியே ஓடினாள். அவள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

திருமேனி புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது அழியவில்லை. மறுபடி எழுந்து வாசலுக்கு நடந்தார், திரும்பி வந்தார்.

“டீச்சர், இது அரசாங்கப் புஸ்தகம். உள்ள முத்திரை வேற இருக்கு. ‘இதுல யாரு கிறுக்குனது, ஏன் கிறுக்குனது’ன்னு நாளைக்கு அலுவலர் கேப்பாரே?”

நசீமா வாளியிலிருந்து முட்டைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கேப்பாரு. அப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க சார். கனிஷ்கா சொல்லும்.”