எருமை மேல் பெய்த மழை

மருதங்காட்டு ஓடையில் எருமையைப் பார்த்தால் எந்தக் குரங்கும் கேலி செய்யாது. முன்பெல்லாம் அப்படி இல்லை. வெடுக்கன் குட்டியாக இருந்த அந்தக் காலத்தில் அங்கே பொழுது விடிவதே எருமைக் கேலியில்தான்.

வெடுக்கன் தாயில்லாத குரங்குப் பையன். யார் பேசினாலும் வெடுக்கென்று கடிக்க வருவான். அதனால்தான் அந்தப் பெயர்.

மழைக்காலம் வந்தால் ஓடை பெருகி, இந்தக் கரை மூழ்கிவிடும். மிஞ்சும் மேட்டுக்காட்டில் வெறும் புல்தான்; குரங்குகளுக்கு அங்கே இரை கிடையாது. அதற்குள் குரங்குக் கூட்டம் எதிர்க்கரை வழியாக மலைக்குப் போய்விடும். எதிர்க்கரையோ செங்குத்துப் பாறை. மருத மரத்தில் ஏறி, அந்தக் கரை மரத்துக்குத் தாவினால்தான் வழி.

வெடுக்கன் ஒருமுறை தாவிப் பார்த்துத் தண்ணீரில் விழுந்து தத்தளித்தவன். அதற்குப் பிறகு தாவவே மாட்டேன் என்றுவிட்டான். சுமந்துகொண்டு தாவவும் முடியாது. அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

கூட்டத்தின் தலைவன் கிழக் கடுவன் கவலையோடு கேட்டது. "மழை வர்றதுக்குள்ள இவனைத் தேத்தணும். இல்லைன்னா விட்டுட்டுத்தான் போகணும். யாராவது இவன்கூட இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்!" என்று கிளி வந்தது. காலையிலிருந்து மதியம்வரை தைரியத்தைப் பற்றிப் பேசியது. வெடுக்கன் மருதங்காயைப் பறித்து விட்டெறிந்தான். கிளி பறந்துபோனது.

அடுத்து அணில் வந்தது. "இதோ பார், இப்படித்தான்!" என்று கிளைக்குக் கிளை குதித்துக் காட்டியது. "இது கூடவா வராது உனக்கு?" என்று கேட்டது. அதற்கும் விழுந்தது மருதங்காய்.

அப்போது ஓடைக்குள் படுத்திருந்த காரி என்ற பெண் எருமை தலையைத் தூக்கியது. "நான் இருக்கட்டுமா?"

காடே சிரித்தது.

"உனக்கு மரம் ஏறத் தெரியுமா?" என்றது கிளி.

"தெரியாது."

"தாவத் தெரியுமா?"

"வரப்பைத் தாண்டவே யோசிப்பேன்!"

"வேற என்னதான் தெரியும்?"

"நிக்கத் தெரியும்" என்றது காரி.

மறுநாள் மருத மரத்துக்குக் கீழே, ஓடைத் தண்ணீரில் வந்து நின்றது.

"ஏய் எருமை! போ!" வெடுக்கன் காயை எறிந்தான். முதுகில் பட்டது. காரி அசையவில்லை. பொழுது சாய்ந்ததும், "நாளைக்கும் வர்றேன்டா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனது. சொன்னபடியே வந்தது. காய்களும் வந்தன.

"எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறதைப் பாரு! சூடு சொரணையே கிடையாது!" என்று கிளி கெக்கலித்தது.

ஒருநாள் வெடுக்கன் கையில் எடுத்த காயை எறியாமல் கேட்டான். "உனக்கு வலிக்கவே வலிக்காதா?"

"வலிக்குதே!"

"அப்புறம் ஏன் வர்றே?"

"வர்றேன்னு நேத்தே சொல்லிட்டேனே!"

வெடுக்கன் காயைக் கீழே போட்டான். கொஞ்ச நேரம் வாலைச் சொறிந்துகொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அத்தை, தாவி விழுந்துட்டா?"

"விழட்டும். அதுக்குத்தானே கீழே நிக்கிறேன்!"

கண்ணை மூடிக்கொண்டு தாவினான். தொப்! காரியின் முதுகில் விழுந்தான்.

"எப்படிடா இருக்கு அத்தை மெத்தை?"

"ஒரே சேறு!" என்று சிரித்தான். அவன் சிரித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு தினமும் தொப், தொப் என்ற சத்தம்தான். சில நாள் எதிர்க்கிளையின் இலை கையோடு வந்தது. கிளை மட்டும் அகப்படவில்லை.

ஒரு மாலை, வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. குரங்குகள் ஒவ்வொன்றாகத் தாவிப் போயின. வெடுக்கன் மட்டும் மிச்சம். ஓடை செம்மண் நிறத்தில் ஏறி வந்தது. காரியின் கழுத்தளவு தண்ணீர். அப்போதும் மரத்தடியிலேயே நின்றது.

"காரி, கரையேறு! அடிச்சிட்டுப் போயிரும்!" என்று எதிர்க்கரையிலிருந்து கத்தியது கடுவன்.

"பையன் தாண்டட்டும், ஏறுறேன்!"

வெடுக்கன் கீழே பார்த்தான். மூக்கும் கொம்பும்தான் தெரிந்தன.

"அத்தை, நீ போ!"

"நீ தாவு, போறேன்!"

"நீ போனாத்தான் தாவுவேன்!" அழுதுகொண்டே வெடுக்கென்று சொன்னான்.

காரி அவனை நிமிர்ந்து பார்த்தது. திரும்பி, தடுமாறி நீந்திக் கரையேறியது.

இப்போது கீழே வெறும் வெள்ளம். வெடுக்கன் கண்ணை மூடவில்லை. தாவினான். கிளை அவன் பிடியில் அகப்பட்டது!

குரங்குகள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. கூட்டம் மலைக்குள் மறையும்வரை காரி மேட்டில் நனைந்துகொண்டே நின்றது. பிறகுதான் மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தது.

மழை ஓய்ந்து கூட்டம் திரும்பிய அன்று, ஓடையில் படுத்திருந்த காரியின் முதுகில் ஒரு மருதங்காய் மெதுவாக வந்து விழுந்தது.

"யாருடா அது?" என்றது காரி, தெரிந்துகொண்டே.

வெடுக்கன் இப்போது பிள்ளைகுட்டிக்காரன். தாவப் பயப்படும் குட்டி எதுவாக இருந்தாலும், கீழே போய் நின்றுகொள்கிறான். "எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிப்பேன், பயப்படாதே!" என்கிறான். அந்த ஓடையில் அது இப்போது வசவு இல்லை, வாக்கு.

கற்றுக்கொடுக்க ஒன்றும் தெரியாவிட்டாலும், வருகிறேன் என்று சொன்ன இடத்தில் வந்து நிற்பவரே ஒரு பிள்ளைக்குப் பெருந்துணை.