நாற்காலியை விடாத இசக்கி

காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற சுடலைமுத்து, மனநல ஆலோசனை கற்றுக்கொள்ளப் பொன்மலரிடம் வந்து சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது.

தென்காசிப் பக்கம் பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பொன்மலர் ஆலோசகர். அங்கிருந்த பதின்மூன்று வயது இசக்கியைச் சீடரிடம் ஒப்படைத்தார்.

பேச வரும்போதெல்லாம் இசக்கி நேராகப் போய் ஆலோசகரின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். எந்திரி என்றால் எழ மாட்டாள். அதட்டினால் சிரிப்பாள். அன்று சுடலைமுத்து அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனார். மேஜை மேலிருந்து அவள் வீசிய தண்ணீர்ச் சொம்பு பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

வெளியே வந்து பொன்மலரிடம் முறையிட்டார்.

"மேடம், எத்தனையோ ரவுடிகள உக்கார வச்சிருக்கேன். இந்தப் பிள்ளைய எந்திரிக்க வைக்க முடியல. இப்ப விட்டுக்கொடுத்தா இனி யாரையும் மதிக்க மாட்டா. நான் என்னதான் செய்யணும்?"

பொன்மலர் எழுந்தார். அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். இசக்கிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சற்றுத் தயங்கிவிட்டுச் சுடலைமுத்துவும் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

"இசக்கி, உங்கிட்ட ஒரு யோசனை கேக்கணும். காலையில ரோகிணின்னு ஒரு சின்னப் பிள்ள வந்திருக்கு. தட்டையே தொட மாட்டேங்குது. நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. நீ வந்த அன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?"

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுடலைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்மலர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க," என்றாள் இசக்கி, சுவரைப் பார்த்தபடியே. "கூட உக்காந்து ஒருத்தரும் சாப்பிடல."

"இப்ப என்ன செய்யலாம்?"

"நான் போறேன். என் தட்டையும் எடுத்துட்டுப் போறேன். நீங்க யாரும் வரக்கூடாது."

"சரி."

எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "அழுதா என்னக்கா செய்ய?"

"உனக்கு என்ன தோணுதோ அதச் செய்."

இசக்கி ஓடினாள்.

சுடலைமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. "எந்திரின்னு ஒரு வார்த்தை சொல்லலியே மேடம்! எப்படி அவள ஜெயிச்சீங்க?"

கூடத்திலிருந்து தட்டு நகரும் சத்தம் வந்தது. பிறகு, இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று ஒரு சின்னக் குரல்.

"அங்க ரெண்டு பிள்ளைங்க சாப்பிடுதுங்க, சார்," என்றார் பொன்மலர். "இதுல தோத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."