காளைக்குத் திமில் வந்த கதை

சங்ககிரி லாரிப் பட்டறையில் கதவுகளுக்குப் படம் வரைகிறவன் அல்லிமுத்து. ஒருநாள் பட்டறைக்கும் லாரிகளுக்கும் முதலாளியான பொங்கியண்ணன், கம்ப்யூட்டரில் அடித்த காளை ஸ்டிக்கரோடு வந்து இறங்கினார்.

"மெஷின் அஞ்சு நிமிசத்துல போட்ட காளைடா இது. இதைவிட நல்லா வரைஞ்சா நீ இரு. இல்லேன்னா பிரஷ்ஷைத் தூக்கிட்டுக் கிளம்பு."

ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டினார்கள். எத்தனை தேய்த்தாலும் நடுவில் படியவில்லை. அங்கே தகரம் உள்ளிருந்து உதை வாங்கிப் புடைத்திருந்தது.

"எல்லாம் இந்த மாரப்பன் உதைச்சது," என்று டிரைவரைக் காட்டிச் சீறினார் முதலாளி. "இன்னையோட இவன் சீட்டைக் கிழிச்சாச்சு."

அல்லிமுத்து ஸ்டிக்கரை உரித்தான். வரையும் முன் தகரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். தடவினான், சிரித்தான், வரையத் தொடங்கினான். பொழுது சாய்வதற்குள் அந்தப் புடைப்பு காளையின் திமிலாகிவிட்டது. பட்டறையே கூடித் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. முதலாளிக்கும் வாயெல்லாம் பல்.

படத்தின் அடியில் வரைந்தவர் பெயர் போடுவார்கள். 'காளை: அல்லிமுத்து' என்று எழுதியவன், பக்கத்திலேயே 'திமில்: மாரப்பன்' என்றும் எழுதினான்.

"டேய், அவன் பேரு எதுக்கு?"

"உதைச்சவருக்கும் பங்கு உண்டுங்களே முதலாளி. இத்தனை அம்சமா உதைக்க வேற யாரால முடியும்?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அவன் எங்கடா உதைச்சான்? கதவு திறக்கலேன்னு நான் உதைச்ச உதைடா அது!"

மாரப்பன் முதலாளியையே பார்த்தான்.

"அப்படிங்களா?" அல்லிமுத்து துணியை எடுத்து மாரப்பன் பெயரைத் துடைத்தான். "நல்லவேளை, பெயிண்ட் இன்னும் காயலைங்க."