கறுக்காத ஜெர்மன் கத்தி

சமையல்கார மாரப்பனை முதலில் வம்புக்கு இழுத்தவர் ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி பெரியண்ணன்தான். நூறு வருஷத்து ஜெர்மன் மடக்குக் கத்திகளைச் சேர்த்துவைத்துப் பெருமையடிப்பவர் அவர். விருந்தாளிகள் நடுவில் ஒரு கத்தியை நீட்டினார்.

"மாங்காய் வாசம் வருது. நீதான் இதில் நறுக்கியிருக்கே. இல்லைன்னு நிரூபி, முடியலைன்னா வேலையை விட்டுப் போ."

"பழைய ஜெர்மன் இரும்பில் புளிப்புப் பட்டால் கறுத்துப்போயிடும், துடைச்சாலும் போகாதுங்க," என்றார் மாரப்பன். "இது பளபளன்னு இருக்கு. நான் நறுக்கினது நிஜம்னா, கத்தி பழசு இல்லைங்க. இப்பவே ஒரு மாங்காய் நறுக்கிப் பார்த்துடலாமுங்களா?"

"பார்த்துடலாமே," என்றார் ஒரு விருந்தாளி.

பெரியண்ணன் அவசரமாகக் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார். "சரி, நீ நறுக்கலை. போய்க் காப்பி கொண்டா."

மாரப்பனின் வேலை தப்பித்தது. ஆனால், 'பொய்ப்பழி போட்டுட்டேன்' என்ற ஒரு வார்த்தையை முதலாளி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.