யானைச் சட்டையின் சுருக்கம்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது, போட்டுக்கொள்ளத் தோல்தான் இல்லை. குளிர்மலையில் ஆராயி என்ற சிலந்தியும் அவள் தங்கை வெள்ளச்சியும் முள்ளம்பன்றி முள்ளை ஊசியாக வைத்து எல்லாருக்கும் நூல் சட்டை பின்னிக் கொடுத்தார்கள். சிறுத்தை மட்டும் புள்ளி போதவில்லை என்று மூன்று தடவை திரும்பி வந்தது. அதன் குணம் அப்படி.

இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நூல் முன்னால் வரும், மற்றது பின்பக்கமாகச் சும்மா ஓடும். அந்தப் பின்நூலை இறுக்கினால் சட்டை சுருங்கிவிடும். ஆராயிக்கோ இறுக்கமான கை. அதனால் வெள்ளச்சி பின்னால் உட்கார்ந்து, ஓடுகிற நூலுக்கடியில் தன் காலை நுழைத்துக்கொள்வாள். கால் பருமனுக்கு நூல் தளர்ந்து கிடக்கும்.

யானைக்குச் சாம்பல் நூலும் இளஞ்சிவப்பு நூலும் எடுத்தார்கள். காதுகளைப் பின்னி முடித்த அன்று மேல்காற்று வந்தது. வெள்ளச்சி ஒரு நூலைக் காற்றில் விட்டாள். அது அவளைத் தூக்கியது. ஆராயி ஓடிப்போய் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு அக்கா! மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும்."

"பின்னால யாருடி கால் வைப்பா?"

"இழுக்காத அக்கா, அறுந்திடும்."

ஆராயி விட்டாள். தங்கை ஒரு புள்ளியாகி மறைந்தாள்.

மிச்சத்தை ஆராயி தனியாகத்தான் பின்னினாள். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வாய் சொன்னது, கை கேட்கவில்லை. காற்று வீசும்போதெல்லாம் பின்நூலைப் பிடித்து இழுத்தாள். தங்கை இல்லாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

யானை சட்டையைப் போட்டது. முதுகு, கால், துதிக்கை, எல்லாம் சுருக்கம். ஆராயிக்கு அழுகை வந்துவிட்டது.

"கழட்டுங்கண்ணே, பிரிச்சுப் பின்னித் தாரேன்."

"காதுல மட்டும் சுருக்கம் இல்லையே?"

"அது அவ கால் வச்சது."

யானை காதை ஒருமுறை விரித்து மடக்கியது.

"அப்ப கழட்ட மாட்டேன். நான் காடு காடா நடக்கிறவன். எங்கயாவது என் காதப் பாத்தா, தான் கால் வச்சதுன்னு அவளுக்குத் தெரியும். எங்க அக்கா எப்படி இருக்கான்னு வந்து கேப்பா."

"என்ன சொல்லுவீங்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? என் முதுகப் பாத்தாலே தெரிஞ்சுக்குவா."

அன்று முதல்தான் யானைக்கு உடம்பெல்லாம் சுருக்கம். அன்று முதல்தான் அது போகிற இடமெல்லாம் காதை விரித்து விரித்துக் காட்டுகிறது. இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.