கையெழுத்துதான் பாக்கி

வயலின் வித்வான் தண்டபாணி விடிந்ததும் விடியாததுமாகக் குருவைத் தேடி வந்தார். குரு சௌந்தரவல்லிக்கு அவரைவிட நான்கு வயது குறைவு. அதனால் என்ன, அந்த அம்மாள் முன்னால் நின்றால் தண்டபாணிக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"வருமான வரி ஆபீஸ்லேருந்து நோட்டீஸ் வந்திருக்கும்மா. கச்சேரிப் பணத்தையெல்லாம் அண்ணன்தான் என் பேர்ல டெபாசிட், பங்குன்னு போட்டு வச்சார். அதுல வந்த வருமானத்தைக் கணக்குல காட்டவே இல்லையாம். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப்போறீங்க?"

தண்டபாணி சட்டைப் பையிலிருந்து நீளமான உறை ஒன்றை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் அண்ணன் பாத்ததுன்னு ஆடிட்டர் எழுதிக் குடுத்துட்டார். கையெழுத்துதான் பாக்கி. போட்டா அண்ணன் மாட்டிப்பார். அப்பா போனப்புறம் என்னை வளத்தவர் அவர். போடலேன்னா அபராதம் கட்டியே வீடு போயிடும். பயமா இருக்கும்மா. மூணு நாளாச் சோறு இறங்கலை."

குரு உள்ளே போய்த் தன் வயலினை எடுத்து வந்தார். நான்கு தந்திகளையும் நிதானமாகச் சுருதி சேர்த்து அவரிடம் நீட்டினார்.

"ஒரு வர்ணம் வாசிங்க."

வீடே போகப்போகிறது, இப்போது வர்ணமா என்று தண்டபாணிக்கு எரிச்சல் வந்தது. குரு சொல்லைத் தட்ட முடியுமா? உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். வில்லை வைத்துத் தந்திகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். தந்தியை முறுக்கும் பிருடை ஒன்றை லேசாகத் திருப்பினார்.

"ஏன், நான் சேத்தது சரியில்லையா?"

"ஐயோ, அப்படியில்லம்மா! வாசிக்கப்போறது நான். அபசுரம் வந்தா என்னைத்தானே சொல்லுவாங்க? யார் சேத்துக் குடுத்தாலும் ஒரு தடவை பாக்காம வாசிச்சதில்லை."

"அண்ணன் நீட்டின காகிதத்தை?"

வில் மடியில் இறங்கியது.

"பாத்ததில்லைம்மா. காட்டின இடத்துல போட்டேன். பதினோரு வருஷமா."

"அதை இந்தக் கடிதத்துல எழுதியிருக்கா?"

"எழுதியிருக்குன்னு ஆடிட்டர் சொன்னார்."

"சொன்னாரா?" என்றார் குரு. "நீங்க இன்னும் படிக்கலையா?"